எட்டு ஆரஞ்சுத் துண்டுகள்

டப்பாவைத் திறந்து மறுபடியும் எண்ணுகிறாள் பெர்னி. எட்டு ஆரஞ்சுத் துண்டுகள் இருக்கின்றன. மூடுகிறாள். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே உட்காரும் முறை வரும்போதெல்லாம் அவளுக்கு இதுதான் வேலை.

வயது ஒன்பது. இடது காலுறை எப்போதும் கணுக்காலில் கிடக்கும். அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரிக்கரைத் திடலில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பிள்ளைகளின் கால்பந்து லீகில் நான் நடுவர். ஊதலை வாயில் வைத்துக்கொண்டு நான் அதிகம் கேட்பது இவள் குரலைத்தான். "உங்க வீட்டு நாய்க்கு என்ன பேரு?" என்று எதிரணிப் பெண்ணிடம் கேட்பாள். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பந்து பெர்னியின் காலில் இருக்கும்.

ஆனால் கோல்கீப்பராக நிற்பதென்றால் நடுங்குவாள். எல்லோரும் மாறி மாறி நிற்க வேண்டும் என்பது அவளுடைய மஞ்சள் அணியின் வழக்கம். தன் முறை வந்தால், தனக்குப் பதிலாக நிற்கச் சொல்லி டப்பாவை மேபலிடம் நீட்டுவாள். மேபல் அவளுடைய உயிர்த்தோழி. முதலில் இரண்டு துண்டுக்கு ஒப்புக்கொண்டவள், பிறகு நான்கு கேட்டாள், பிறகு டப்பா முழுவதையும் கேட்டாள். முறை வராத நாளிலும் எதற்கும் இருக்கட்டும் என்று பெர்னி ஒன்றைக்கூடத் தின்ன மாட்டாள்.

"பந்து மூஞ்சிக்கு நேரா வந்தா கண்ணு தானா மூடிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"தின்னு தின்னு என் வாயே புண்ணாயிடுச்சுடி. நீயே நில்லு," என்று இரண்டு வாரம் முன்பு மேபல் சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. பழைய பந்துகளில் சாக்பீஸால் எண்களை எழுதினாள். அவள் உதைக்க, பெர்னி எண்ணைக் கத்திவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். கத்தாமல் பிடித்தால் செல்லாது. முதல் நாட்களில் பந்து வயிற்றில் மோதிய பிறகுதான் எண் வந்தது: "ஐயோ… ஒம்பது!"

இன்று கடைசி ஆட்டம். இந்த லீகில் கோல் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் இதுவரை ஆடிய எட்டு ஆட்டத்திலும் தோற்றது மஞ்சள் அணியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். இடைவேளையில் ஒரு கோல் முன்னிலை. அடுத்த பாதியில் கீப்பர், பெர்னி.

"எட்டும் உனக்குத்தான். எட்டும்டி!"

"வேணாம். போய் நில்லு."

"தோத்துட்டா திட்டுவியா?"

"திட்டுவேன். அடுத்த வருஷமும் உன்கூடத்தான் ஆடுவேன்."

கையுறைகள் பெரியவை, அவள் முழங்கை வரை வந்தன. கடைசி நிமிடத்தில் சிவப்பு அணியின் நெட்டைப் பெண் தனியாக ஓடி வந்து ஓங்கி உதைத்தாள். பந்து நேராக முகத்துக்குப் போனது. அதில் சாக்பீஸ் எழுத்து எதுவும் இல்லை. பந்தின் அளவைக் காட்டும் ஒற்றை எண் மட்டும் அச்சாகியிருந்தது.

"நாலு!"

கார்கள் நிற்கும் இடம் வரை கேட்டது. மூக்குக்கு ஒரு சாண் முன்னால் பந்து கையுறைகளுக்குள் நின்றது. கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. நேரம் பார்த்து ஊதினேன். மஞ்சள் சட்டைகள் எல்லாம் அவள் மேல் போய் விழுந்தன.

"நாலுன்னா என்ன?" என்று நெட்டைப் பெண் கேட்டாள்.

"சொல்ல மாட்டோம்!" என்றார்கள் பெர்னியும் மேபலும்.

டப்பாவின் மூடியை மேபல்தான் திறந்து கொடுத்தாள். கையுறையைக் கழற்றச் சொன்னதை பெர்னி காதில் வாங்கவே இல்லை. அந்தத் தடித்த விரல்களால் தட்டுத்தடுமாறி ஒரு துண்டை எடுத்து, சாறு மணிக்கட்டு வரை வழிய, தானே தின்றாள்.