கம்பியில் படாமல்

சண்டையில் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்டு இருந்த காலத்தில் என் மகளுக்கு ஆறு வயது. விமானம் குண்டு போட்டுவிட்டுப் போய் நாட்கணக்கான பிறகும், வளவில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கர் குழியை விட்டு அவள் வெளியே வரவில்லை. சாப்பாடும் உள்ளேதான். அவள் மற்றப் பிள்ளைகளைப்போல வெளியே வந்து விளையாடவேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை.

கெஞ்சியும் பார்த்தோம், வெருட்டியும் பார்த்தோம். கடைசியில் ஒரு விளையாட்டுச் சாமான் செய்ய இறங்கினேன். பலகையில் நெளிந்து நெளிந்து போகும் ஒரு செப்புக் கம்பி. அதில் படாமல் ஒரு வளையத்தைக் கரை சேர்க்கவேண்டும். பட்டால் சத்தம் வரும். தடையால் பற்றரியைக் கண்ணாலும் காண முடியாத காலம் என்பதால், எல்லோரும் ரேடியோ கேட்கச் செய்வதுபோல, சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுத்தேன். சத்தத்துக்கு, ஆணியில் கம்பி சுற்றிச் செய்த காந்தமும் அதன்மேல் பால்மா டின் மூடியும்.

பங்கர் வாசலில் வைத்து மனைவி பெடலைச் சுற்ற, நான் வளையத்தைக் கம்பியில் முட்டினேன். மூடி தூரத்து விமானம் மாதிரியே இரைந்தது. எட்டிப் பார்த்த மகள் மூலைக்குள் ஒடுங்கிவிட்டாள். அயலட்டைச் சனம் முழுவதும் தங்கள் தங்கள் பங்கருக்குள் பாய்ந்தது. பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு எனக்கு! வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பக்கத்து வளவு அண்ணை, கட்டியிருந்த சாரத்தில் ஒட்டிய பங்கர் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். பேச்சு விழப்போகிறது என்று நின்றேன்.

"தம்பி, உந்தச் சத்தம் வேண்டாம். என்ர சைக்கிள் மணியைக் கழட்டித் தாறன், அதைப் பூட்டுங்கோ."

மூடியை எடுத்துவிட்டு, காந்தம் இழுக்கும் ஒரு இரும்புத் தகடு மணியில் அடிப்பதுபோலப் பூட்டினோம். முதல் ஆட்டம் அண்ணைதான். நெளிவுக்கு நெளிவு மணி அடித்தது. கூடியிருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"மாமா, மெல்லமாக் கொண்டுபோங்கோ," பங்கருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்கு ஏலாது பிள்ளை. நீ ஒருக்கா வந்து காட்டன்."

மகள் வந்தாள். வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் கையிலிருந்த வளையத்தை வாங்கினாள். பொழுது படும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

அண்ணை தையல்காரர். குப்பி விளக்கு வெளிச்சத்திலும் கை அசையாமல் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோர்ப்பவர். அடுத்த நாள் நன்றி சொல்லப் போனேன். அவர் தையல் மெசினிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

"உங்கட கம்பி பொல்லாத நெளிவு தம்பி," என்றார்.