ஆயிரம் அடிக்குக் கீழே

என் வீட்டுக்காரர் பாதி ஆயுளை அடுத்தவர் மொட்டை மாடியில் கழித்தவர். டிஷ் ஆன்டெனா பொருத்துவதுதான் தொழில். ஊருக்கு அவர் டிஷ்காரர். எனக்கு, சந்தேகமே சட்டை போட்டு நடக்கிற மனுஷன். காஸ் சிலிண்டரை எடை போடாமல் உள்ளே விடமாட்டார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பார். நான் போனில் சிரித்தால் போதும், "யாரு அது?" என்பார். "உங்க அம்மாதான்" என்றாலும் நம்பாமல் வாங்கிக் காதில் வைத்துப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் தலைக்கு மேலேதானா, தினமும் காலை பத்து மணிக்கு ஒரு குட்டி விமானம் தாழ்வாகச் சுற்ற வேண்டும்! ஜன்னல் கண்ணாடி அதிரும். மாடி அறையில் பேத்தி வீறிட்டு அழுவாள். அது அனுமதி வாங்காமல் நாங்கள் எழுப்பிய அறை. மகளும் மருமகனும் ஆறு மாதக் குழந்தையோடு அங்கேதான் இருக்கிறார்கள். அதை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"போட்டோ எடுக்கிறான்டி. நகராட்சிக்காரன் வேலை. அனுமதியில்லாத ரூமையெல்லாம் மேலயிருந்து எண்ணுறான்."

"ஆமா, உங்க ரூமைப் பார்க்க பிளேன் ஏறி வர்றாங்களாக்கும்! மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்."

அவர் கேட்டால்தானே? எதிர்வீட்டுத் தையல்காரர்தான் போட்டுக்கொடுத்தார் என்று முடிவு கட்டி, தைக்கக் கொடுத்த பேன்ட்டை ஒரு காலோடு திருப்பி வாங்கி வந்துவிட்டார்.

விமான நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக்கு டிஷ் பொருத்தப் போனபோதுதான் அந்த விதி இவர் காதில் விழுந்தது. ஜனம் நெருக்கமாக வாழும் இடத்தில், சுற்றி அறுநூறு மீட்டருக்குள் எது உயரமான கட்டடமோ, அதற்கும் மேலே ஆயிரம் அடி விட்டுத்தான் பறக்க வேண்டுமாம். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் விலக்கு.

மறுநாளே அளவெடுப்பு ஆரம்பம். டிஷ்ஷின் சாய்வு பார்க்கும் கருவியோடு இவர் மாடியில். மருமகன் கடைத்தெரு முனையில்; அதுவரை தூரத்தை முன்பே அளந்தாயிற்று. விமானம் தன் தலைக்கு நேரே வந்ததும் மருமகன் போனில் "இப்ப மாமா!" என்று கத்துவார், இவர் கோணத்தைக் குறித்துக்கொள்வார். தூரமும் கோணமும் தெரிந்தால் உயரம் கணக்கில் வந்துவிடுமாம். நாலு நாள் பார்த்தும் விமானம் எழுநூறு அடியைத் தாண்டவில்லை.

விமானத் துறைக்குப் புகார் எழுதினார்.

"எதுக்குங்க இது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா ஆயிடப் போகுது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. கட்டடம் எவ்வளவு உசரமோ, அதுக்கும் மேல ஆயிரம் அடி அவன் போயாகணும்."

அதனால், 'இப்பகுதியிலேயே உயரமான கட்டடம் என் வீடு, நாற்பத்து மூன்று அடி' என்று விலாசத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வரியை நானும் படித்தேன். படுபாவி, எனக்கும் உறைக்கவில்லை.

மூன்று வாரத்தில் விமானம் நின்றது. அது விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியுடையதாம். போட்டோவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டியவரைக் கண்டித்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினார், தையல்காரருக்கும் சேர்த்து.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஒரு அம்மா டேப்போடு வந்தார். கட்டட உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லி விமானத் துறைக்காரர்கள் இவர் புகாரை நகராட்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"உங்களுக்கு அனுமதி முப்பத்து மூணு அடிக்குத்தான் சார். மிச்சம் பத்தடி எப்படி வந்துச்சு?"

அந்த அம்மா மேலே போய் அளந்தார். முப்பது நாளில் அறையை இடிக்க வேண்டும் என்ற நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"யாருப்பா நம்மளக் காட்டிக்கொடுத்தது? எதிர்வீட்டுக்காரரா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு இல்லம்மா," என்றார். "நான்தான்."