பிரெஞ்சுக்காரனும் அமெரிக்கக்காரனும் என் கல்யாணமும்

மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் பையனுக்கு என்ன தொழில், தொழுகை உண்டா, சிகரெட் உண்டா என்று கேட்பார்கள். என் வாப்பா கேட்டது, உலகத்திலேயே பெரிய குத்துச்சண்டைக்காரன் யார் என்று. இப்படி ஒருவருக்கு மகளாகப் பிறந்து நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

வாப்பா வாலிபத்தில் சைகோனில் ஜவுளிக்கடையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாளத்துக்காரர்களோடு உட்கார்ந்து குத்துச்சண்டை பார்த்துப் பழகிவிட்டார். 'பொக்ஸ்' என்றுதான் சொல்லுவார், பிரெஞ்சுக்காரர்கள் சொல்லுகிற மாதிரி. அப்போது பிரான்சிலிருந்து வந்து சண்டை போட்ட ஒருவன் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டான். வாப்பா காரைக்காலுக்குத் திரும்பிக் கடை வைத்தார், தலை நரைத்தது, ஊரில் பிரெஞ்சுக் கொடியே இறங்கிப் போனது. அவன் மட்டும் இறங்கவில்லை.

எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உங்க பிரெஞ்சுக்காரன் மாதிரி வருமாங்க" என்பார். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் கூடையை இறக்கும்போதே அதைச் சொல்லிவிடுவாள். அன்றைக்கு மீன் கண் வெளுத்து நாள்பட்டுக் கிடந்தாலும் வாப்பா பேரம் பேசமாட்டார். உம்மா உள்ளே இருந்து தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்குப் பேசிய மாப்பிள்ளை வேறு யாருமில்லை, உம்மாவின் அண்ணன் மகன். சின்ன வயதில் என் செருப்பைக் கிணற்றில் தூக்கிப் போட்டுவிட்டு, நான் அழுததைப் பார்த்துத் தானே இறங்கி எடுத்துவந்த மச்சான். சிங்கப்பூரில் ஒரு கடையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். சுற்றி வளைப்பானேன், ரொம்பவே பிடிக்கும். வேறு யாரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாமாவும் மாமியும் மச்சானோடு பேசி முடிக்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சாப்பாடு முடிந்து, உம்மா ரவையும் முட்டையும் போட்டுக் கிண்டிய தம்ரூட்டைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்த பிறகு, வாப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பதிலை உம்மா முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நம்பினேன். உம்மாவோ நான் எப்படியாவது சொல்லி அனுப்பியிருப்பேன் என்று நம்பியிருக்கிறார்.

"தப்பா நினைக்காதீங்க மாமா," என்றார் மச்சான். "உங்க ஆளு அந்தக் காலத்துல பெரிய ஆளுதான். ஆனா இப்ப அமெரிக்காவுல ஒருத்தன் இருக்கான். அவன் முன்னால உங்க ஆளு மூணு ரவுண்டு தாங்க மாட்டாரு."

யா அல்லாஹ்! அந்தப் பிரெஞ்சுக்காரன் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது இந்த அமெரிக்கக்காரனுக்குப் பால்பல் விழுந்திருக்காது. இரண்டு பேரும் ஒரே மேடையில் ஏற இந்த துனியாவில் வழியே இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏறினார்கள். வாப்பா எழுந்து கைலியை மடித்துக் கட்டினார்.

"மூணு ரவுண்டா? என் ஆளு காலு தரையில பாவாது தம்பி! உன் ஆளு கைய நீட்டுறதுக்குள்ள இவன் உள்ள பூந்து, இந்தா இப்புடி..."

இடது கையை வீசினார். தம்ரூட் தட்டு பறந்துபோய் மாமியின் மடியில் கவிழ்ந்தது.

அவர்கள் போன பிறகு வாப்பா முடிவாகச் சொன்னார், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று. உம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். "ஏங்க, செத்தானா பொழச்சானான்னு தெரியாத ஒருத்தனுக்காக எம்புள்ளைய வீட்டோட வச்சிருக்கப் போறீங்களா?"

"புள்ள எப்புடியும் வீட்டோடதானே இருக்கப் போவுது? வர்றவனத்தான் பாக்கணும்."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். எங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு என்று எழுதி, மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். "வெளியூருக்குக் கட்டிக் குடுக்குறதா இருந்தா எவன் என்ன சொன்னா எனக்கென்ன?" என்றார் வாப்பா. "இவன் தெனமும் என் எதிர்ல உக்காந்து சோறு திங்கப் போறவன்."

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஒரே ஒரு பொய் சொன்னால் போதும் என்று உம்மாவிடம் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்த உம்மா, அவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "ஒரு நாளைக்குன்னா சொல்லிடலாம் மாமி. அந்த வீட்டுல உக்காந்து ஆயுசுக்கும் சொல்லணுமே!"

மாமனாருக்கு ஏற்ற மருமகன்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு வாப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிடுவார். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். "அமெரிக்கக்காரனுக்குக் கை நீளமா இருந்தா என்னா, கிட்ட வந்தா அந்தக் கையி எதுக்கு ஆவும்?" என்று தூணைப் பார்த்துக் கேட்பார். தையல்காரரிடம் போய் அதையே சொன்னாராம். அவர், "ஆமாங்க, எதுக்கு ஆவும்" என்றாராம். முகம் தொங்கிப் போய்த் திரும்பி வந்தார். ஊரே ஆமாம் போட்டு ஆமாம் போட்டு அவரை ஓய்த்துவிட்டிருந்தது. எதிர்த்துப் பேச மச்சான் ஒருவர்தான் வந்தார், அவரையும் இவரே விரட்டிவிட்டார்.

அன்று இராச் சோறு போடும்போது நான் சொன்னேன், "வாப்பா, யோசிச்சுப் பார்த்தேன். அமெரிக்கக்காரன்தான் பெரிய ஆளு."

கவளம் பாதி வழியில் நின்றது. "ஒனக்கு என்னா புள்ளே தெரியும்?"

"உங்க ஆளுக்குப் புருவம் லேசுல கிழியும். ஒருதடவ ரத்தம் கண்ணுல எறங்கித்தானே தோத்தாரு?"

"இத யாரு ஒனக்குச் சொன்னா?"

"நீங்கதான். நான் சின்னப் புள்ளையா இருக்கையில."

உண்மையில் எனக்கும் அந்தப் பிரெஞ்சுக்காரன்தான் உசத்தி. அவன் கதையைக் கேட்டுத்தானே சோறு உண்டு வளர்ந்தேன். ஆனால் கல்யாணம் ஆகவேண்டியது அவனுக்கா, எனக்கா? விடவில்லை. மறுநாளும் ஆரம்பித்தேன், அதற்கு மறுநாளும். வாப்பா கத்தினார், பாயைத் தட்டினார், மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தனை நாள் கழித்து அவர் முகத்தில் களையைப் பார்த்தேன்.

ஒருநாள் பதில் கிடைக்காமல், "என் வீட்டுல இருந்துக்கிட்டு இப்புடிப் பேசாதே!" என்று எகிறினார்.

"யார் வீடு வாப்பா?" என்றேன்.

உம்மா அடுப்படியில் களுக்கென்று சிரித்துவிட்டார். வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பா மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். பிறகு உம்மா இருந்த பக்கம் திரும்பி, "ஒங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு. அந்தப் பய வரட்டும். பொம்பளப் புள்ளகிட்ட தோத்தேன்னு ஊர்ல பேர் வாங்குறதுக்குப் பதிலா அவன்கிட்டயே அடிச்சுக்கிறேன்" என்றார்.

நிக்காஹ் நடந்தது. மச்சான் எங்கள் வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு வந்தார். தினமும் சோற்றுக்கு முன்னால் மாமனாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து, செத்தவனையும் பிறக்காதவனையும்கூட மேடையேற்றி அடித்துக்கொண்டார்கள். குழம்பு ஆறிப்போகும். நானும் உம்மாவும் திட்டித் தீர்ப்போம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஒரு வருஷம்கூட நிறையவில்லை, சிங்கப்பூர்க் கடையிலிருந்து மச்சானைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நடப்பதுதான் என்றால் வலிக்காதா? நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, படகில் போய்த்தான் ஏறவேண்டும். வாப்பாதான் கூடப் போனார். பொழுது சாய்ந்து தனியாகத் திரும்பி வந்தார்.

சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மச்சான் உட்காருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படகுல கால வைக்கையிலயும் கை நீளம், கை நீளம்னுட்டுத்தான் போறான்," என்றார். "அதுக்கு ஒரு பதில் யோசிச்சு வச்சிருந்தேன். வாயில வரல. அலை அடிச்சு படகு போயிடுச்சு."

கரண்டியை வைத்துவிட்டுப் போய் மச்சான் இடத்தில் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட சொல்லுங்க வாப்பா. மொதல்ல உங்க ஆளு புருவத்தக் கிழியாம வச்சிக்கிறாரான்னு பாப்போம்."

வாப்பா ஒரு வாய் சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கைலியை மடித்துக் கட்டினார். மச்சான் திரும்பி வர நாலு வருஷம் ஆனது. அதுவரை அந்த அமெரிக்கக்காரனை ஒருநாள்கூட நான் தோற்கவிடவில்லை.