நான் காணாத கனவு

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார்கள். "உட்காருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. இருமிப் பார்த்தேன். தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது உண்மைதான். ஆனாலும் இப்படி ஒரேயடியாகக் குரல் அற்றுப்போகும் என்று நினைக்கவில்லை. கரும்பலகையில் "உட்காருங்கள்" என்று பெரிதாக எழுதினேன்.

ஒருவரும் உட்காரவில்லை.

அன்பானவர்களே, இதைச் சபையில் வைத்துச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. ஆண்டவர் அன்று என்னைத் தண்டித்தாரா, காப்பாற்றினாரா என்று கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவேன். எனக்குத் தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.

வட்டகொடை ஸ்டேசனிலிருந்து இரண்டு மைல் மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடத்தைச் சபையும் தோட்டத்து ஜனங்களும் சேர்ந்து கட்டினார்கள். பழைய ஸ்டோர் ஒன்றைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்களும் பெண்களும் மண் சுமந்து, தகரம் மாற்றினார்கள். சாமி கும்பிடுகிறவர்களும் வேதக்காரர்களும் ஒன்றாகத்தான் நின்றார்கள். ஆசிரியர்கள் மூன்று பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செல்லத்துரை மாஸ்டர். பக்கத்துத் தோட்டத்து வேலாயுதம் மாஸ்டர். அப்புறம் நான், ஞானமணி, கொழுந்து எடுக்கும் தாய்க்குப் பிறந்த ஒரே பிள்ளை.

நான் எப்படி ஆசிரியை ஆனேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். அதுதான் என் பாவம்.

எட்டாம் வகுப்பு முடித்ததும் அப்பா இறந்துபோனார். வேலைக்குப் பெயர் பதிந்து மலைக்குப் போனேன். ஒன்பது மாதம் கொழுந்து எடுத்தேன். விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்கவேண்டும். மழையில் கம்பளி கனத்துப் போகும். கால் விரலிடுக்கில் அட்டை ஏறும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. என்னோடு எடுத்த பெண்கள் பாட்டுப் பாடிச் சிரித்துக்கொண்டே எடுப்பார்கள். நான் தேயிலை நிரையில் நின்று அழுவேன். அப்போதுதான் போதகர் ஐயா பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆசிரியை தேடினார். "ஏம்மா டீச்சரா வரணும்னு நெனைக்கிற?" என்று என்னைக் கேட்டார். மலைக்குப் போகப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஆண்டவர் கனவுல வந்து, என் பிள்ளைகளுக்குப் படிச்சுக்குடுன்னு சொன்னாருங்கய்யா" என்றேன்.

அப்படி ஒரு கனவு நான் காணவே இல்லை.

ஐயா அதை அடுத்த ஞாயிறே சபையில் சொன்னார். அம்மா மலையெல்லாம் சொன்னாள். மூன்று வருஷம் நான் அந்தக் கனவின் மேல் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன்.

குரல் போன அன்றே எனக்கு விளங்கிவிட்டது. எந்த வாயால் ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேனோ அந்த வாயை அவர் அடைத்துவிட்டார். ஹட்டனில் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "தொண்டையில கட்டி மாதிரி இருக்கு. கத்திக் கத்தி வந்தது. ரெண்டு மாசம் மூச்சுச் சத்தங்கூட வரக்கூடாது" என்றார். நான் கத்திப் படிப்பித்தது உண்மைதான். ஆனால் அது டாக்டருக்குத் தெரிந்த காரணம். எனக்கு வேறு காரணம் தெரியும்.

இதற்குள் இன்னொரு இடி. பாடசாலைகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி ஜூலைக் கடைசியில் வருகிறார் என்று கடிதம் வந்தது. அவர் சரி என்று எழுதினால்தான் பள்ளிக்கூடம் பதியப்படும். இல்லையென்றால் கட்டடத்தில் உர மூட்டை அடுக்கப் போவதாகத் துரை சொல்லியனுப்பினார். பத்து வயசான பிள்ளைகள் புல்லு வெட்டப் போவார்கள். நான் மறுபடியும் கூடை கட்டவேண்டும். எதற்காகப் பயந்தேன், பிள்ளைகளுக்காகவா எனக்காகவா? அப்போதும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜெபம் பண்ணினேன். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. ஆண்டவரே, குரலைத் தாரும், பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றும். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் என்னோடு உபவாசம் இருந்தாள். "கனவுல வந்து கூப்பிட்டவரு கைவிட்டுருவாரா மணி?" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

குரல் வரவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை நடந்தது என்னை விடவில்லை. "உட்காருங்கள்" என்று எழுதினேன், ஒரு பிள்ளையும் உட்காரவில்லையே, ஏன்? புத்தகத்தை நீட்டினால் பக்கம் பக்கமாக ஒப்பிக்கிற பிள்ளைகள். நான் சொல்ல அவர்கள் சொல்ல, மூன்று வருஷம் பள்ளிக்கூடமே அதிரும். கீழே ரோட்டில் போகிறவர்கள்கூட "டீச்சர் நல்லாப் படிச்சுக்குடுக்குது" என்பார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமையே ஒரு பிள்ளையின் கையில் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தேன். அது திருப்பாமலே ஒப்பித்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. என் சத்தத்தை மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேலாயுதம் மாஸ்டரிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. கோயிலுக்கும் அதிகம் போகமாட்டார். வாசித்துவிட்டு, "எதுக்கு டீச்சர் அழுவுறீங்க? வாயில்லாம படிச்சுக்குடுத்துப் பாருங்களேன். ஒங்களுக்கு வேற வழி என்னா இருக்கு?" என்றார்.

வேறு வழி இல்லைதான். தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையை அவரே துண்டு துண்டாக அறுத்துத் தந்தார். முதலில் பிள்ளைகளின் பெயர்களை எழுதினேன். தன் பெயரைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத்தான் முதலில் பால் மா கரைத்துக் கொடுப்பேன். பிறகு கதவு, ஜன்னல், கூடை என்று அந்தந்தப் பொருளின் மேலேயே எழுதி ஒட்டினேன். வகுப்பு முழுக்க அமைதி. எனக்கே பயமாக இருந்தது. "டீச்சர் ஊமையாகிட்டாங்க, இனி புள்ளய அனுப்பி என்னா செய்ய?" என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். நாலைந்து பேர் பிள்ளைகளை நிறுத்தியும்விட்டார்கள்.

முத்துலெட்சுமி என்று ஒரு பிள்ளை. பத்து வயது. அடுத்த மாதம் வேலைக்குப் பெயர் பதிவதாக இருந்தது. ஜூலையில் ஒரு நாள் மேற்கு மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் கரும்பலகையில், "மழை வருகிறது. ஜன்னலைச் சாத்து" என்று எழுதிவிட்டு நின்றேன். யார் பெயரையும் எழுதவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. முத்துலெட்சுமி உதட்டை அசைத்து அசைத்து முடித்தாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதால்கூடச் சத்தம் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வித்தியாதரிசி வந்த அன்றும் மழை. குடையை மடக்கிக்கொண்டு நேரே என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகளை ஒப்பிக்கச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. ஒப்பிக்கிறதை நாங்கள் விட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. "டீச்சர் பேசமாட்டாவோ?" என்று கேட்டார். பின்னால் நின்ற போதகர் ஐயா என் தொண்டை விஷயத்தைச் சொன்னார். வித்தியாதரிசியின் முகம் சுருங்கியது. போச்சு என்று நினைத்தேன். ஆண்டவரே, இப்போதாவது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று உள்ளே கதறினேன். வரவில்லை. நான் கரும்பலகையில், "ஐயா, எதையாவது வாசிக்கக் கொடுங்கள்" என்று எழுதினேன்.

அவர் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏதோ சுகாதார அறிவித்தல். நானே பார்த்திராத தாள். முன் வரிசையில் முத்துலெட்சுமியிடம் நீட்டினார். அவள் எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள். "கொதித்து ஆறிய தண்ணீரையே குடிக்க வேண்டும்" என்று முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்த பிள்ளையும் வாசித்தது. அதற்கடுத்ததும்.

அதே தாளோடு அவர் மற்ற வகுப்புகளுக்கும் போனார். வேலாயுதம் மாஸ்டரின் வகுப்பில் பாதிப் பேர் வாசித்தார்கள். செல்லத்துரை மாஸ்டரின் பிள்ளைகள் அழகாக ஒப்பித்தார்கள். தாளைக் கொடுத்ததும் விழித்தார்கள். மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷப்படவும் தெரியவில்லை.

பிறகு எங்கள் மூவரையும் உட்காரவைத்து ஒரு படிவத்தை எடுத்தார். அதில் ஒரு கேள்வி, ஆசிரியத் தொழிலுக்கு வந்த காரணம் என்ன என்று.

செல்லத்துரை மாஸ்டர் முதலில் சொன்னார். அவமானம் தாங்காமலோ என்னவோ, ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "கிளாக்கர் வேலைக்குக் கிளறிக்கல் சோதினை மூண்டு தரம் எழுதினனான் ஐயா. மூண்டு தரமும் பெயில். ஊரில தலைகாட்ட ஏலாது. இஞ்ச ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு வந்தனான்."

வேலாயுதம் மாஸ்டர் அடுத்து. "எனக்குத் தபால் கந்தோர் வேலைக்கு ஆசைங்க. பிரஜாவுரிமை இல்லன்னுட்டாங்க. எங்கப்பா என்னா எழுதியிருக்குனு தெரியாமலே ஒரு தாள்ல கைநாட்டு வச்சிருக்காரு, அதுலதான் அது போச்சு. எந்தப் புள்ளயும் இனி அப்படி வைக்கக் கூடாது. கோவத்துலதாங்க வந்தேன்."

என் முறை. நான் சிலேட்டை எடுக்குமுன்பே போதகர் ஐயா, "இந்தப் புள்ளைக்கு ஆண்டவரே கனவுல சொன்னாருங்க" என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். வித்தியாதரிசி எழுதத் தொடங்கியும்விட்டார். சிலேட்டில் எழுதி அவர் முன்னால் வைத்தேன்: "கனவு பொய். கொழுந்து எடுக்கப் பிடிக்காமல் வந்தேன்."

வித்தியாதரிசியும் இரண்டு மாஸ்டர்மாரும் வாசித்தார்கள். ஐயாவும் வாசித்தார். வித்தியாதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அப்பாவின்ர வயலுக்கை இறங்க விருப்பமில்லாமல்தான் படிச்சனான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, படிவத்தில் எதையோ எழுதி மடித்தார். பக்கத்தில் நின்ற வேலாயுதம் மாஸ்டர் எட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று பேருக்கும் நேரே "சேவை மனப்பான்மை" என்று எழுதினாராம். என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் முழு உண்மை சொன்னேன். அதையும் அரசாங்கம் மாற்றி எழுதிக்கொண்டது. நான் என்ன நினைப்பது?

பள்ளிக்கூடம் பதியப்பட்டது. முத்துலெட்சுமி வேலைக்குப் போகாமல் எட்டாம் வகுப்புவரை படித்தாள்.

அன்று சாயங்காலம் ஐயாவிடம் மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன். "எனக்கு அப்பவே சந்தேகந்தாம்மா. ஆனா எட்டாவது படிச்ச புள்ள தோட்டத்துல வேற இல்லயே" என்றார். பிறகு ஏன் வித்தியாதரிசியிடம் அதையே சொன்னீர்கள் என்று எழுதினேன். அவர் முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபம் பண்ணினார். எனக்காகவா தனக்காகவா என்று கேட்கவில்லை.

அம்மாதான் தாங்கவில்லை. "அந்தக் கனவச் சொல்லித்தான்டி நான் மலையில தலநிமிந்து நின்னேன்" என்றாள். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. நான் பேச முடியாமல், அவள் பேசாமல், ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். பன்னிரண்டாம் நாள் வேலையிலிருந்து வந்தவள், "எனக்கும் என் பேர எழுதப் பழக்கு" என்று சிலேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அதோடு சரி.

செல்லத்துரை மாஸ்டர் ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு வந்து, "பிள்ளை, அந்தப் பலகைத் துண்டுகளை எனக்கும் தாரும்" என்றார். இன்றைக்கும் இந்த மலையில்தான் இருக்கிறார்.

எனக்கு ஒக்டோபரில் குரல் திரும்பியது. பாதிதான் திரும்பியது. பாட முடியாது. உரத்துக் கூப்பிட முடியாது. நான் கேட்ட இரண்டில் ஒன்றைத் தராமல்தான் ஆண்டவர் மற்றதைத் தந்தார். முழுக் குரலோடு அந்த நாளைச் சந்தித்திருந்தால் பிள்ளைகள் ஒப்பித்திருப்பார்கள், தாளைக் கொடுத்ததும் விழித்திருப்பார்கள். இது மட்டும் எனக்கு நிச்சயம். அது தண்டனையா என்று அவரிடம் பல தடவை கேட்டுவிட்டேன். பதில் இல்லை. நன்றி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லி வந்த இடத்தில் இத்தனை வருஷமாக உண்மையாய் வேலை செய்ய விட்டிருக்கிறாரே, அதற்கு.

பிரியமானவர்களே, உங்களில் சிலர் பயத்தில் வந்திருப்பீர்கள். சிலர் போக இடமில்லாமல், சிலர் கோபத்தில், சிலர் ஒரு பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு. உள்ளே வரத் தகுதி இல்லை என்று வெளியே நிற்காதீர்கள். என்னை அவர் வாசலில் நிறுத்தி விசாரிக்கவில்லை. முதலில் வேலையைக் கொடுத்தார், பிறகுதான் கேட்டார். நீங்களும் வந்துவிடுங்கள். ஏன் வந்தோம் என்பதை அவரோடு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம்.