தலை தாங்கிய கண்ணாடி

ஃபேன் துடைக்க ஒரு கை போதும். அந்த ஒன்றை நம்பித்தான் ஏணியக்கா மூன்று மாதங்களை ஓட்டியிருந்தாள். ஏணியில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இடது கையால் இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும். அடுத்த இறக்கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டால் ஆயிற்று. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வீடு சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் கம்பெனியில் ஃபேன், விளக்கு, ஒட்டடை என்று மேல்வேலை முழுக்க அவளுடையது. கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர்தான் ஏணியக்கா. தோள் விஷயம் மகளுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே ஹாஸ்டலிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். "நீ கஷ்டப்பட்டது போதும்மா, நான் வேலைக்குப் போறேன்" என்று ஏற்கெனவே இரண்டு தடவை ஒற்றைக் காலில் நின்றவள். அந்தப் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பு முடிய இன்னும் நாலே மாதம். நாலு மாதம் இந்தக் கை காட்டிக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

அன்று போன வீட்டுக் கூடத்தில், கூரையோடு ஒட்டி அகலமான கண்ணாடிக் கிண்ண விளக்கு. உள்ளே செத்த பூச்சிகள் ஒரு பிடி தேறும். சுற்றிலும் மூன்று திருகு. ஒரு கை கிண்ணத்தைத் தாங்க வேண்டும், மறு கை திருக வேண்டும்.

வீட்டுக்காரம்மா அடுப்படியில் இருந்தாள். ஏணியக்கா துணியை மடித்து உச்சந்தலையில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு படி ஏறினாள். கிண்ணத்துக்குத் தலையை முட்டுக்கொடுத்து, இடது கையால் திருகத் தொடங்கினாள். ஒன்று கழன்றது. இரண்டும் கழன்றது. மூன்றாவது கழன்றபோது மொத்தக் கனமும் தலையில் இறங்கியது. கழுத்து நடுங்க, கிண்ணம் ஒரு விரல் அகலம் நழுவியது.

"ஐயய்யோ, என்னம்மா இது!" வீட்டுக்காரம்மா அடுப்படி வாசலில் நின்றாள்.

"தலைக்கும் கொஞ்சம் வேலை குடுக்கணும்ல, சும்மாதானே இருக்கு?"

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"வலது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தேன், மரத்துப்போச்சு."

வீட்டுக்காரம்மா தானே கிண்ணத்தைக் கழுவினாள். டீ போட்டுக் கொடுத்தாள். நல்ல மனசுக்காரி. அந்த நல்ல மனசுதான் குடியைக் கெடுத்தது. ஏணியக்கா தெருமுனை திரும்புவதற்குள் வீட்டுக்காரம்மா கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள்: "பாவம், இனிமே அந்தம்மாவ ஏணியில ஏத்தாதீங்க."

மறுநாள் காலை கம்பெனி சூப்பர்வைசர் பெண் ஆபீசுக்குக் கூப்பிட்டாள். மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம்.

"அக்கா, கையைத் தூக்குங்க பாப்போம்."

ஏணியக்கா சட்டென்று இடது கையைத் தூக்கினாள்.

"டிராஃபிக் போலீஸ் தோத்தாரு. சரி, இன்னொரு கை?"

ஏணியக்கா சுவரோரம் நகர்ந்தாள். வலது கை விரல்கள் சுவரைப் பற்றிப் பல்லிபோல மெல்ல மேலே ஊர்ந்தன.

"சுவரை விட்டுத் தள்ளி வாங்க."

தள்ளி வந்தாள். கை தோள் உயரம் வரை போய் நின்றுவிட்டது. இடுப்பை ஒடித்துப் பார்த்தாள்.

"உடம்பைச் சாய்க்காதீங்கக்கா."

"நாலு மாசம் மேடம். நாலே மாசம். தரைவேலையாவது குடுங்க."

"அழுத்தித் தேய்க்கவும் அந்தத் தோள்தானே வேணும்? நீங்க விழுந்தா என் தலைதான் உருளும்."

"இத்தன வருஷத்துல ஒரு பல்பு உடைச்சிருப்பேனா? சொல்லு கண்ணு." மேடம் கண்ணாகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

"இல்லக்கா."

"அப்புறம் என்ன?"

அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போட்டிருக்கிற கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

ஏணியக்கா கம்பெனிக் கோட்டின் பொத்தான்களை ஒற்றைக் கையால் கழற்றினாள். இடது பக்கம் வந்துவிட்டது. வலது பக்கம் வரவில்லை. வீட்டில் கதவுக் கொக்கியில் காலரை மாட்டித்தான் உருவுவாள். இங்கே கொக்கி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். துணி முழங்கையில் சுருண்டு நின்றது.

சூப்பர்வைசர் பெண் எழுந்து பின்னால் வந்தாள். குழந்தைக்குக் கழற்றுவதுபோலக் கையை மெதுவாக உருவத் தொடங்கினாள்.

"வலிச்சா சொல்லுங்கக்கா."

"வலிக்கல," என்றாள் ஏணியக்கா. "நல்லா இழு. கொஞ்சங்கூட வலிக்கல."