கதவோர நாற்காலி

முப்பத்திரண்டு நாற்காலிகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்த பிறகுதான் டீச்சரம்மா பாடத்தைத் தொடங்குவார். உட்காருவார், கண்ணை மூடிக் காதைக் கொடுப்பார், பிறகு கண்ணைத் திறந்து கரும்பலகையைப் பார்ப்பார். எது ஆடுகிறது, எது கிறீச்சிடுகிறது, எதில் உட்கார்ந்தால் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தோள் பையில் கத்தரிக்கோலும் பழைய சைக்கிள் டியூபும் இருக்கும். டியூபைத் துண்டு துண்டாக வெட்டி நாற்காலிக் கால்களுக்கு மாட்டிவிடுவார். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் நாற்காலி வாயைத் திறக்காது. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றால் அதன் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் திருப்பிப் போட மறந்துவிட்டுப் போவதும் உண்டு. “மேடம் வந்துட்டுப் போனா நமக்கு ஒரு வாரம் பூரா மணி ஒன்பதுதான்” என்று அலுவலக உதவியாளர் முணுமுணுப்பார்.

அவர் வாத்தியார்களுக்கு வாத்தியார். வயது ஐம்பத்து நான்கு. எல்லாருடைய மூளையும் ஒரே தடத்தில் ஓடுவதில்லை. சில பிள்ளைகளுக்கு எழுத்து நிலைகொள்ளாது. சிலருக்கு அறையில் உள்ள எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்குள் புகும். சிலரால் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகள் கல்லூரிக்கு வந்தால் எப்படிப் பாடம் நடத்துவது என்று, பட்டம் மேல் பட்டம் வாங்கியவர்களுக்கு அவர் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லித் தருகிறார். “பிள்ளை சரியில்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி அறை சரியா இருக்கான்னு பாருங்க சார்” என்பார். எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் இதே பேச்சுதான்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது சண்டையில். அந்தக் கல்லூரியின் மூன்று மாடிக்கும் வயர் இழுத்தவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துகள் வரிசையில் நிற்காமல் என் கண்ணெதிரே ஆட்டம் போட்டன. வயர்கள் சொன்ன இடத்தில் நின்றன. இன்று என்னிடம் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் இரண்டு பேர் இன்ஜினியர்கள். அப்படிப்பட்டவனை வரவழைத்து, ஆளில்லாத பயிற்சி அறையில் நிறுத்தி, “அண்ணா, மூணாவது லைட்டு பாடுது” என்றார்.

“நான் போட்ட லைட்டு எரியும்மா. பாடாது.”

“பாடுது. ஏறித்தான் பாருங்களேன்.”

ஏணியில் ஏறி டியூப் லைட்டின் சோக்கில் விரலை வைத்தேன். பூனையின் வயிறு மாதிரி நடுங்கியது. என் காதுக்கு எட்டாதது விரலுக்கு எட்டிவிட்டது. சொன்னேனே என்று அவர் குத்திக்காட்டவில்லை. “இதைக் கேட்டுக்கிட்டே ஒரு பிள்ளை மூணு வருஷம் உக்காந்திருக்கும்ணா. நாம அதுக்குக் கவனம் பத்தாதுன்னு எழுதி வச்சிருப்போம்” என்றார்.

சோக்கை மாற்றி முடிப்பதற்குள் ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள். நான் இறங்கினால் ஏணி சத்தம் போடும். “கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கண்ணா” என்று கையைக் காட்டினார். அதனால்தான் அன்று நடந்ததை மேலேயிருந்து முழுவதுமாகப் பார்த்தேன்.

ஐந்து சனிக்கிழமைப் பயிற்சியில் அதுதான் முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் துறையையும் சொல்லி, மாணவராக இருந்தபோது பட்ட ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். முதல் வரிசை சிரிப்பும் கும்மாளமுமாக முடிந்தது. இரண்டாவது வரிசையில் கணக்கு விரிவுரையாளர் எழுந்தார். முப்பது வயது இருக்கும். தயார் செய்துகொண்டு போய்ப் பாடம் நடத்தினால் மணி அடித்தது கூடப் பிள்ளைகளுக்குத் தெரியாதாம். அப்படி ஒரு பெயர் அவருக்கு. வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. காது மடல்கள் சிவந்தன. டீச்சரம்மா சிரித்த முகத்தோடு, “சும்மா சொல்லுங்க சார், நமக்குள்ளதானே” என்றார். அப்போதும் வரவில்லை.

“எக்ஸ், ஒய் போட்டுக் கேளுங்க மேடம், வந்துடும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அறையே சிரித்தது. விரிவுரையாளர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இடைவேளையில் டீச்சரம்மா ஏணியடிக்கு வந்து நின்றார்.

“எவ்வளவு நேரம் நின்னாருண்ணா?”

“ஒரு நிமிஷம் இருக்கும்மா.”

“பிள்ளைங்களை எழுப்பி நிக்க வச்சுப் பேசச் சொல்லாதீங்கன்னு இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன். நானே எழுப்பி நிக்க வச்சேன்.” கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. “அந்தப் பிள்ளைங்க வளர்ந்து வாத்தியாராவும் வருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

விரிவுரையாளருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்தப் பயிற்சியின் சான்றிதழ் இருந்தால்தான் நிரந்தரம். திங்கட்கிழமை முதல்வர் அறைக்கு டீச்சரம்மா போனபோது, பழுதான மின்விசிறியைப் பார்க்க நானும் அங்கே இருந்தேன். நடந்தது தன் தப்பு என்று ஒளிக்காமல் சொன்னார். முதல்வர், “ஒரு நாள்னா மன்னிக்கலாம் மேடம். அடுத்த சனிக்கிழமையும் வரலைன்னா என் கையில எதுவும் இல்ல” என்றார்.

“ஒரு போன் போட்டுக் கூப்பிட்டுடுங்களேன்” என்றேன், வராந்தாவில்.

“போன்ல பேசறதும் எழுந்து நின்னு பேசறதும் அவருக்கு ஒண்ணாத்தான் இருக்கும்ணா.”

ஒரு தாளை எடுத்து, அடுத்த சனிக்கிழமை என்னென்ன நடக்கும் என்று வரிசையாக எழுதினார். எழுதியதை என்னிடம் நீட்டி, “படிச்சுப் பாருங்க. உங்களுக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்” என்றார். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. எழுத்துக்கூட்டிப் படித்தேன். போன வாரம் நடந்தது என் தவறு. கதவோர நாற்காலி உங்களுடையது. யாரும் உங்களைப் பேசச் சொல்ல மாட்டார்கள். பதில்களை அட்டையில் எழுதினால் போதும். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். சிறிது நேரத்தில் இடைவேளை.

“சிறிது நேரம்னா எவ்வளவும்மா? எங்க வேலையில இப்படி எழுதினா வீடு எரிஞ்சுடும்.”

தாளைப் பிடுங்கி அந்த வரியை அடித்தார். பதினொன்று பத்துக்கு இடைவேளை என்று எழுதினார். பட்டம் வாங்கிய முப்பது பேருக்குச் சொல்லித் தருகிறவரின் தாளில் அந்தத் திருத்தம் நான் செய்தது. இதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தாளை மறுபடியும் அழகாக எழுதி, விரிவுரையாளர் வகுப்பில் இருந்த நேரம் பார்த்து, அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை, மாற்றிய சோக்கைச் சோதிக்க வேண்டுமென்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு போனேன். வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன். ஒன்பதரைக்கு வகுப்பு தொடங்கியது. கதவோர நாற்காலி காலி. தாமதமாக வந்த இயற்பியல் பேராசிரியர் அதில் உட்காரப் போனார்.

“அங்க ஆள் இருக்கு சார்.”

“யாரையும் காணோமே மேடம்.”

“இருக்கு.”

பேராசிரியர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. டீச்சரம்மா பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார். குரல் மட்டும் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது.

கரும்பலகைப் பக்கம் திரும்பி அவர் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. விரிவுரையாளர் நின்றார். நான்காக மடித்த தாள் கையில் இருந்தது. முப்பது தலைகளும் திரும்பின. டீச்சரம்மாவின் தலை திரும்பவில்லை. கதவுச் சத்தம் அவர் காதில் விழாமல் இருக்குமா? நடுங்குகிற சோக்கைக் கீழே நின்றபடி கேட்டவர். ஆனால் வந்தவர் உட்கார்ந்தாரா, திரும்பிப் போனாரா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. நாற்காலியின் நான்கு கால்களிலும் அவரே சைக்கிள் டியூப் மாட்டியிருந்தார். எழுதி முடித்த வரியின் மேலேயே மறுபடி எழுதினார். பிறகு மூன்றாவது முறையும் எழுதினார். ஓரக்கண்ணால் ஜன்னலில் என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார் என்று உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினேன்.

சாக்பீஸை வைத்தார். அட்டைக் கட்டை எடுத்து, கதவுக்கு எதிர் மூலையிலிருந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தார். கதவோரம் வந்ததும், தூங்குகிறவரின் பக்கத்தில் தண்ணீர் வைப்பதுபோல அட்டையையும் பென்சிலையும் நாற்காலியின் எழுதுபலகையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார்.