ரெண்டு பேர் ஆட்டத்துக்கு முன்பதிவு

கண்ணால் பார்க்காத, கையால் தொடாத, செய்கிறவனே இன்னும் செய்து முடிக்காத ஒரு சரக்குக்கு முன்கூட்டியே காசு வாங்கிவிட்டு, வரவேண்டிய தேதி தள்ளிப்போனால் ஊரார் வாயில் விழுவது என் தொழில். வீடியோ கேமுக்கு முன்பதிவு செய்துவிட்டு காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் சக நோயாளிகளே, உங்களுக்கு வைத்தியம் எதுவும் என்னிடம் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் நானும் படுத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் என் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், போட்டோ, வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் உண்டு. சோறு போடுவது அவைதான். ஜெராக்ஸ் மெஷினை மும்தாஜ் அக்கா பார்த்துக்கொள்வார். கேம் வாங்கிக் கொடுப்பது மட்டும் என் சொந்தக் கிறுக்கு. நெட்டில் கேம் விற்கிற கடைகளில் ரெண்டு ரகம் உண்டு. ஒன்று, பூட்டுப் போட்டு விற்கும். காசு கொடுத்து வாங்கின பிறகும், அடிக்கடி நெட்டில் போய் "நான்தான், திறங்கள்" என்று கெஞ்ச வேண்டும். இன்னொன்று, பூட்டே இல்லாமல் விற்கும். ஒரு முறை இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொண்டால் நெட் இல்லாத இடத்திலும் ஓடும். நான் வாங்கிக் கொடுப்பது பூட்டில்லாத கடைகளில்தான். கஸ்டமர் பேரிலேயே கணக்குத் திறந்து, பணம் கட்டி, இறக்கி, கையில் கொடுத்துவிடுவேன்.

பாறை மேல் ஏறின லேப்டாப்

ஏன் பூட்டில்லாத கடை மட்டும் என்று கேட்பவர்களுக்கு நான் துரைசாமி கதையைத்தான் சொல்வேன். மலை மேல் கரியாலூரில் அருவி பார்க்க வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். எங்கேயோ பூட்டுப் போட்ட கேம் ஒன்றை வாங்கிவிட்டார். அவர் வீட்டில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. ரோட்டு வளைவுக்கு மேலே இருக்கிற ஒரு பாறையில்தான் ஒரு கோடாவது எடுக்கும். மனுஷன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு பாறை மேல் ஏறுவார், நெட்டுக்கு முகத்தைக் காட்டுவார், இறங்குவார். கீழே வந்து சேர்ந்தால் பேட்டரி போயிருக்கும். மறுபடி போட்டால் அது மறுபடியும் முகத்தைக் காட்டச் சொல்லும். சீசனுக்கு வந்தவர்கள் அவர் பாறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தவம் செய்கிறார் என்று போட்டோ எடுத்தார்களாம்!

நான் ஒரு லாரி ஓட்டுகிற கேமை வாங்கி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பகலெல்லாம் மலையில் ஜீப் ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் லாரி ஓட்டுவதில் அவருக்கு என்ன சுகமோ, நமக்குத் தெரியாது. அடுத்த முறை கீழே இறங்கியவர் கடை வாசலில் நின்று சொன்னார்: "அது பாட்டுக்குத் தொறக்குதுங்க. நீ யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலைங்க. காசு குடுத்து வாங்கினவன நம்புற கடைய இப்பத்தாங்க பாக்கறேன்."

பாகம் பிரித்த கம்ப்யூட்டர்

இனி வருகிறவர்கள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவர்கள். ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம், ஏழுமலை, சேகர் என்று அண்ணன் தம்பி. கரும்பும் மரவள்ளியும் வைக்கிற குடும்பம். ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே பைக்கில் வந்து ஒரே கேம் வாங்கிக்கொண்டு போவார்கள். ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற கேமாக இருந்தால்தான் வாங்குவார்கள். அப்புறம் என்ன கண் பட்டதோ, கிணற்று மோட்டாரை யார் முறையில் யார் போட்டது என்று ஆரம்பித்த பேச்சு பெண்டாட்டி, மச்சான் வரைக்கும் போய், பெரியவர்களைக் கூட்டிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலம் ஆளுக்குப் பாதி. கிணறு ஆளுக்கு ஒருநாள். பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் ரெண்டு சாமான்: டிவி மாதிரி ஒன்று, பெட்டி மாதிரி ஒன்று. டிவி அண்ணனுக்கு, பெட்டி தம்பிக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஏழுமலை அந்த டிவியைப் பைக்கில் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார். "இதுல ஒண்ணுமே வரலியேம்மா. ஆட்டமெல்லாம் எங்க கீது?" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெட்டிக்குள்தான் எல்லாம் இருக்கிறது, ஆனால் கணக்கு உங்கள் பேரில்தானே திறந்தோம், வேறு பெட்டி வாங்குங்கள், திரும்ப இறக்கிப் போட்டுத் தருகிறேன், அதற்குத் தனிக்காசு வேண்டாம் என்றேன். "அப்போ அவன்கிட்ட இருக்கிறது?" "அதுவும் இருக்கும்ணா. அதை யாரும் பிடுங்க மாட்டாங்க." டிவியைத் திரும்பப் பைக்கில் கட்டும்போது அவர் சொன்னார்: "நெலம் பாதியாப் போச்சு, கெணறு பாதியாப் போச்சு. பிரிச்சும் கொறையாத சொத்து இது ஒண்ணுதான் போலக் கீது."

தனியாளுக்குத் திறக்காத கதவு

அண்ணன் பெட்டி வாங்கினார், தம்பி டிவி வாங்கினான். ரெண்டு வீட்டிலும் அதே கேம். பாழடைந்த ஒரு கோட்டை. ஒருத்தன் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும், இன்னொருத்தன் உள்ளே போகலாம். ஒரே வாரத்தில் ரெண்டு பேரும் தனித்தனியாக வந்து என்னிடம் ஒரே புகாரைச் சொன்னார்கள். ஏழுமலைக்கு, சங்கிலியைப் பிடித்து நிற்கிறேன், போக ஆளில்லை. சேகருக்கு, கதவுகிட்ட நிற்கிறேன், திறக்க ஆளில்லை. ரெண்டாவது ஆளாகக் கம்ப்யூட்டரையே ஆடவைக்க முடியாதா என்று ரெண்டு பேரும் கேட்டார்கள். இந்தக் கேமில் முடியாது என்றேன்.

சேகர் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். மச்சான் அவனுக்குப் பெங்களூரில் ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். தன் பங்கு நிலத்தை அசலூர் ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஆடி போய் ஆவணி பிறந்ததும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவானாம். அடுத்தடுத்த வயலில் இருக்கும்போதே பேசாதவர்கள், நடுவில் ஒரு அசலூர்க்காரன் வந்து உட்கார்ந்தால் இந்த ஜென்மத்தில் பேசுவார்களா? அவன் போன பிறகு மும்தாஜ் அக்கா ஜெராக்ஸ் மெஷினைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எந்த டாக்டர்கிட்ட போனாலும் இவுங்களுக்கு ஒரே மருந்துதான் கவிதா. ரெண்டு பேரும் ஒண்ணா குந்துங்கடான்னு சொல்லி வெளிய தாழ்ப்பாள் போடணும்."

வெற்றிலை மேல் வைத்த முன்பதிவு

அந்தக் கோட்டை கேமுக்கு ரெண்டாம் பாகம் வருகிறது என்று கடைக்காரர்கள் அறிவித்தார்கள். இதுவும் ரெண்டு பேர் ஆட்டம்தான். ஆடிக்கு முன்னாலேயே வந்துவிடும் என்று தேதி போட்டிருந்தது. செய்தி ஏழுமலைக்கு எப்படிப் போனதோ, மறுநாளே வந்துவிட்டார். முன்பதிவு என்றால் என்ன என்று கேட்டார். இப்போதே பணம் கட்டிவிட்டால் வெளியாகிற அன்றைக்கே நமக்குக் கிடைக்கும் என்றேன். "ஓ, அச்சாரம்" என்று எழுந்துபோனவர், எதிர்க்கடையில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்து, கீபோர்டு மேல் வைத்து, அதன் மேல் பணத்தை வைத்து, கிழக்கே பார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். சுழல் நாற்காலியைத் திருப்பி வாங்கினேன். வேறென்ன செய்வது? "தம்பிக்குத் தெரிய வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தம்பி வந்தான். "ஆவணிக்குள்ள வந்துடுமில்லக்கா?" என்று ரெண்டு தடவை கேட்டுக்கொண்டான். வந்துடும்டா என்றதும் தன் பேரில் புதுக் கணக்குத் திறந்து அவனும் முன்பதிவு செய்தான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். ரசீதைக் கையில் கொடுத்தபோது சேகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அக்கா, எங்கண்ணன் வந்தா மட்டும் இதச் சொல்லிடாத. சாமி சத்தியமா சொல்லிடாத."

கன்று போடாத மாடு

நோயாளிகளே, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மெயில் வந்தது. இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறதாம், பொறுமைக்கு நன்றியாம், தீபாவளி கழித்துத்தான் வருமாம். பொறுமையாக இருக்கிறோம் என்று யாரும் சொல்லாதபோதே நன்றி சொல்கிறார்களே, அந்தத் துணிச்சலை மெச்ச வேண்டும். முன்பதிவு செய்த எல்லோரும் போன் செய்து என்னைத் திட்டினார்கள். நானே போய் அந்தக் கேமை ஒளித்து வைத்ததுபோலத் திட்டினார்கள்.

ஏழுமலை போனெல்லாம் செய்யவில்லை, நேரில் வந்தார். அச்சாரம் கொடுத்தவன் பின்வாங்கினால் காசு போச்சு, வாங்கினவன் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும், இதுதான் நம்ம பக்கத்து நியாயம், அந்தக் கடைக்காரனுக்கு எழுதிப் போடு என்றார். அவர்கள் பின்வாங்கவில்லை அண்ணா, செய்து முடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நாங்க மாட்ட வித்தா சொன்ன சந்தைக்கு ஓட்டியாந்து நிறுத்துவோம். இன்னும் கன்னே போடலன்னா எதுக்கும்மா வெத்தல மேல காசு வாங்குனாங்க?"

கேன்சல் செய்ய வந்தவன்

ஆடி மாதம் முடியப் போகிற நேரத்தில் சேகர் வந்தான். முகமே சரியில்லை. "முன்பதிவ கேன்சல் பண்ணிடுக்கா. தீபாவளிக்கு நான் இங்க இருக்க மாட்டேன். குத்தகைப் பேச்சு முடிஞ்சிடுச்சு, லாரிகூட சொல்லிட்டேன்." பெங்களூரிலும் கம்ப்யூட்டர் ஓடுமேடா என்றேன். "அங்க யாருக்கா கூட குந்துவாங்க?" என்றான். நான் மவுஸைத் தொட்டேன். கேன்சல் பட்டனையும் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவன் மேலா, இவன் அண்ணன் மேலா, காபி குடித்துவிட்டுப் போன பெரியவர்கள் மேலா என்று தெரியாத ஒரு கோபம்.

தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று ஏழுமலை சொன்னதைத் தூக்கிக் கடாசிவிட்டேன். "உங்கண்ணனும் இதையே புக் பண்ணிட்டுத்தான் போயிருக்காரு. உனக்கு ஒரு வாரம் முன்னாடியே. வெத்தல பாக்கு வெச்சு!" என்று கத்தினேன். ஜெராக்ஸுக்கு நின்றிருந்த ரெண்டு காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மும்தாஜ் அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். சேகர் வாசலுக்கு நடந்தான். கேன்சல் செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை; நானும் பட்டனை அமுக்கவில்லை. படியிறங்கும்போது மட்டும் திரும்பினான், கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேர் ஆட்டம்க்கா அது. அவுரு யாரு கூட ஆடறதுக்குப் புக் பண்ணாரு?"

ஒன்றை ரத்து செய்தது

ஆவணி பிறந்தது. சேகர் போன் எடுக்கவில்லை. லாரி வந்துவிட்டது, போய்விட்டான் என்றே நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அண்ணன் தம்பி நடுவில் நமக்கென்ன வேலை என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஏழுமலை வந்தார். "என் பேர்ல போட்டியே முன்பதிவு, அத கேன்சல் பண்ணிடும்மா" என்றார். போச்சு, இவரும் கைவிட்டுவிட்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன் அண்ணா, தீபாவளி இதோ வந்துவிடும் என்று மெயில் அனுப்பின கடைக்காரன் மாதிரியே நானும் பேசினேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நேத்து சாயங்காலம் வூட்டுக்கு வந்தான்மா. குத்தகைக்காரன்கிட்ட வாணாம்னு சொல்லிட்டு நேரா வந்து நிக்கிறான். யாரு கூட ஆடறதுக்கு நீ அத புக் பண்ணன்னு கேக்கறான். நான் இன்னாத்த சொல்றது?" நீங்கள் என்னதான் சொன்னீர்கள் என்றேன். "சோறு துன்னியாடான்னு கேட்டேன்" என்றார். மும்தாஜ் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார். ஏழுமலை திரையைக் காட்டினார். "சீக்கிரம் பண்ணும்மா. பழைய ஆட்டத்தப் போட்டு வெச்சிக்கினு அங்க குந்திக்கினு கீறான். அவன் பேர்ல ஒண்ணு இருக்குதில்ல, அது போதும் எங்களுக்கு."

முன்பதிவு ரத்தானால் வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டிய தொழிலில் இருந்துகொண்டு, ரத்து செய்த கஸ்டமருக்கு எதிர்க்கடையில் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்து அனுப்பியவள் இந்தக் கள்ளக்குறிச்சி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.